கோடு போட்ட பிறகு அனுப்பவும்

ஆகஸ்ட் 18, திங்கள்

நாற்பத்தொன்பது வயதில் எனக்கு ஒரு பொறுப்பு கிடைத்திருக்கிறது. கையெழுத்துப் போட்டுத் தரவில்லை, வாயால் சொன்னதுதான். இருந்தாலும் கிடைத்திருக்கிறது.

இதுவரை இந்த அலுவலகத்தில் என் வேலை பொத்தான்களுக்குப் பெயர் வைப்பது. 'சேமி', 'அழி', 'பின்னால் போ'. நாளுக்கு இரண்டு பொத்தான் வீதம் எட்டு வருடம் ஓட்டிவிட்டேன். பீளமேட்டில் ஒரு கிரைண்டர் கடைக்கு மேல் மாடி, மொத்தம் ஏழு பேர். கீழே யாராவது கிரைண்டரை ஓட்டிப் பார்த்து வாங்கினால் மேலே எங்கள் மேசைகள் ஆடும். இன்று காலை அப்படி ஆடிக்கொண்டிருந்தபோதுதான் முதலாளி நவநீதன் வந்தான். வயது முப்பத்து நான்கு. தலைமுடி கொட்டுவதற்கு எண்ணெய் மாற்றிக்கொண்டே இருக்கிறான், இந்த வாரம் வாசனை வெங்காயம்.

"தண்டபாணி அண்ணா, சிங்க் ஆப்ஷன் என்னென்ன குடுக்கறதுன்னு நீங்களே முடிவு பண்ணிருங்க. எனக்குத் தலை சுத்துது."

விஷயம் இதுதான். கல்யாணச் சமையல் கோஷ்டிகளுக்காக 'பந்தி' என்று ஒரு செயலி செய்கிறோம். தலைமைச் சமையல்காரர் எத்தனை இலை என்று கணக்கிட்டு மளிகை லிஸ்ட் எழுதுவார். அவர் கையில் டேப்லெட். சாமான் எடுக்கப் போகிறவர் கையில் போன். சாமான் அறையில் இன்னொரு பழைய போன். ஒன்றில் எழுதியது மற்ற இரண்டுக்கும் எப்போது போக வேண்டும், எப்படிப் போக வேண்டும், அதில் எத்தனை வழிகளைப் பயனர் தேர்ந்தெடுக்கும்படி விட வேண்டும்? வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 7 ஈரோட்டில் சமையல் கோஷ்டிகள் சங்கத்தின் கூட்டம். எங்கள் செயலியைச் சோதித்துப் பார்க்க ஒத்துக்கொண்டிருப்பவர் கோபியில் ஒரே ஒருவர், வேலாத்தாள் அக்கா. அவர் மேடையில் 'சரி' என்றால் இருநூறு கோஷ்டி வாங்கும். 'வேண்டாம்' என்றால் பந்திக்கு இலை எடுத்தாச்சு. எனக்கும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கூட்டம். நவநீதன் கட்சி: ஒரே வழி போதும், எல்லாம் தானாக உடனுக்குடன் போக வேண்டும். பெனசீர் கட்சி: பதினொரு வழி. பெனசீர்தான் இதையெல்லாம் நிரலாக எழுதுகிற பெண், இருபத்தெட்டு வயது. பேசும்போது பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவாள். வைஃபை இருந்தால் மட்டும், சொன்னால் மட்டும், இந்தச் சாதனத்தோடு நிற்கட்டும், மணிக்கு ஒருமுறை என்று அடுக்கினாள். ஏழாவதில் எனக்குக் கொட்டாவி வந்தது. அதை யோசனை போல மாற்றிக்கொண்டேன்; அதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

கடைசியில் இன்னொன்றும் சொன்னாள். "சார், லிஸ்டோட முதல் வரியையே அதோட பேரா எடுத்துக்கறது வேண்டாம். பேர் எழுதத் தனிக் கட்டம் வைப்போம். ரெண்டு போன்ல ஒரே பேர்ல ரெண்டு லிஸ்ட் இருந்தா கலக்கக் கூடாது. ரெண்டையும் பக்கத்துல வெச்சு ஆளைக் கேக்கணும். ஏன்னா எங்க வீட்டுல..."

மணி ஒன்று. செவ்வாய்க்கிழமை மெஸ்ஸில் பிரியாணி. ஒன்றேகாலுக்குப் போனால் குஸ்கா.

விவாதம் பயனுள்ளதாக இருந்தது. முட்டையும் வைத்தார்கள்.

ஆகஸ்ட் 20, புதன்

'ஒத்திசைவு' என்ற சொல்லைப் பொத்தானில் போட்டுப் பார்த்தேன். பாதிதான் உள்ளே உட்காருகிறது.

ஆகஸ்ட் 21, வியாழன்

கோபிச்செட்டிபாளையம் போய் வந்தேன். இனி யாராவது என்னிடம் நான் வேலை தெரிந்தவன் என்று சொன்னால் இந்தப் பக்கத்தைத் திறந்து படித்துவிட்டுச் சிரித்துக்கொள்வேன்.

ஒரு சீர் மண்டபம். பின்கட்டில் ஆறு அடுப்பு. வேலாத்தாள் அக்காவுக்கு ஐம்பத்தைந்து இருக்கும். மூக்குத்தி, இடுப்பில் சொருகிய துண்டு, காலில் ஆண்கள் போடுகிற ரப்பர் செருப்பு. பதினான்கு பேரை வைத்து வேலை வாங்குகிறார். அரை மணி நேரத்தில் ஒரு முறைகூடக் குரல் உயரவில்லை. சாம்பார் அண்டாவை எட்டிப் பார்க்காமலே, நாலடி தள்ளி நின்று, "உப்பு இன்னும் விழுகலையல்ல?" என்றார். விழவில்லைதான். எப்படி என்று கேட்டேன். "கொதிக்கிற சத்தம் வேற மாதிரி இருக்குமுங் சார்" என்றார். நான் காதை நீட்டினேன். எனக்கு அது கொதிப்பதாகத்தான் கேட்டது.

அவர் லிஸ்ட் எழுதுகிற விதத்தைப் பார்க்கத்தான் போனது. இரண்டு தாளுக்கு நடுவில் கார்பன். மேலே 'உ'. அடுத்து மஞ்சள். அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம். அவர் கணவர் கருப்பண்ணன் எதிரில் செருப்பை மாட்டிக்கொண்டு, பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஓட்டப்பந்தயத்துக்கு நிற்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஆனால் தாளைத் தொடவில்லை. அக்கா கடைசி வரிக்குக் கீழே ஸ்கேல் வைக்காமல் நேராக ஒரு கோடு போட்டார். அதற்குப் பிறகுதான் ஒரு தாள் அவர் கைக்குப் போனது. போனதும் கிளம்பவில்லை. மஞ்சள் முதல் வாழையிலை வரை சத்தமாக வாசித்துக் காட்டினார். அக்கா தன் தாளில் விரல் வைத்துக்கொண்டே வந்தார்.

"கோடு போடறதுக்கு முன்னால எடுத்துட்டுப் போனா என்னங்க அக்கா?"

"ஒருக்கா போனாருங். பூண்டு இல்லாம வந்தாரு. முந்நூறு பேருக்கு ரசம்."

"அத இன்னும் சொல்றா பாருங்க. அது வருஷம் பதினெட்டாச்சு" என்றார் கருப்பண்ணன்.

"ரசம் வெச்சவளுக்குத்தான தெரியும்."

அவர் படியிறங்கும்போது அக்காவுக்கு முந்திரி ஞாபகம் வந்தது. தன் தாளில் கோட்டுக்கு மேல் கால் வரி இடம் இருந்தது. அதில் எழுதவில்லை. தனியாக ஒரு துண்டுச் சீட்டு கிழித்து எழுதிக் கொடுத்தார். "கோட்டுக்கு மேல கை வெக்கக் கூடாதுங் சார். வெச்சா என்ற தாளும் அவரு தாளும் வேற வேற ஆயிருமல்லங்."

ரசனையான காட்சி. படம் எடுத்துக்கொண்டேன். பிறகு டேப்லெட்டைக் கொடுத்துச் சொல்லிக்கொடுத்தேன். விரல் ஒரு நொடி தயங்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நான் எழுதிட்டிருக்கறப்பவே அவரு போனுக்குப் போயிருமுங்களா?"

"உடனே போயிரும்க்கா! ஒவ்வொரு எழுத்தா போகும்."

"உடனேங்களா" என்றார். அசந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

வரும்போது இரண்டு ஜிலேபி. சமையல் தரத்தைச் சோதிப்பதும் வேலையில் சேர்த்தி.

ஆகஸ்ட் 22, வெள்ளி

முடிவு செய்துவிட்டேன். ஒரே வழி: தானாக, உடனுக்குடன். மற்றதெல்லாம் அமைப்புகளுக்குள் ஐந்தாவது படியில், தேடிப் போகிறவர்களுக்கு. நவநீதன் என் தோளைத் தட்டினான். வெங்காயம்.

பெனசீர், "அந்தப் பேர் விஷயம் சார்?" என்றாள்.

"முதல் வரியே போதும்மா. ஜனங்களுக்கு எளிமைதான் பிடிக்கும்."

உண்மையில் அவள் சொன்ன அந்த 'ஆளைக் கேட்கிற' பெட்டிக்கு மூன்று வாக்கியம் நான் எழுத வேண்டியிருந்தது. அது வேறு விஷயம். ஒரு மின்னஞ்சலும் அனுப்பியிருக்கிறாள். நீளமாக இருக்கிறது, திங்கட்கிழமை படிக்கிறேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மின்விசிறி துடைத்தேன். பக்கத்து வீட்டு ரங்கராஜன் மூன்றாவது முறையாகக் காரைக் கழுவுகிறார். மகளைப் பெண் பார்க்க வருகிறார்களாம். காரை யார் பார்க்கப் போகிறார்கள் என்று என் மனைவி தமயந்தியிடம் கேட்டேன். அவள் பதிலுக்குத் தன் போனை நீட்டினாள். அதில் நான், இரண்டு ஜிலேபியுடன், கண்ணை மூடிக்கொண்டு. மண்டபத்தில் நானே என் போனில் எடுத்த படம். என் போனில் எடுப்பதெல்லாம் அவள் போனுக்குத் தானாகப் போகுமாம்! இதை யார், எப்போது, யாரைக் கேட்டு முடிவு செய்தார்கள்? சிந்திக்க வேண்டிய விஷயம்.

சிந்திக்கவில்லை. சர்க்கரை பற்றிய சொற்பொழிவு இருந்தது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

காலை பத்தரைக்குக் கருப்பண்ணன் போன் செய்தார். முதலில் ஒன்றுமே புரியவில்லை. பின்னால் யாரோ ஒரு பெண் கத்திக்கொண்டிருந்தார்.

புரிந்ததை வரிசையாக எழுதுகிறேன். வருகிற ஞாயிறு கோபியில் ஒரு கல்யாணம், தொள்ளாயிரம் இலை. வெள்ளிக்கிழமை நம்பியூரில் ஒரு பெரியவரின் பதினாறாம் நாள் காரியம், நூற்றிருபது இலை. இரண்டுக்கும் அக்காதான் சமையல். கல்யாண லிஸ்டை அக்கா டேப்லெட்டில் எழுதினார். காரிய லிஸ்டை அக்கா சொல்லச் சொல்லக் கருப்பண்ணன் தன் போனில் எழுதினார். இரண்டு பேரும், பிறந்ததிலிருந்து செய்கிறபடி, முதல் வரியில் 'உ' போட்டார்கள்.

எங்கள் பந்தி முதல் வரியைப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். இந்த லிஸ்டுக்குப் பேர் 'உ', அந்த லிஸ்டுக்கும் பேர் 'உ'. ஒரே பெயர், ஆகவே ஒரே லிஸ்ட். உடனுக்குடன், தானாக, எளிமையாக, இரண்டையும் கலந்து ஒன்றாக்கி எல்லாப் போனுக்கும் அனுப்பிவிட்டது.

இந்தப் பக்கத்தில் சாமானுக்குக் காசு கல்யாண வீட்டார்தான் கொடுப்பார்கள். சமையல்காரர் லிஸ்ட் கொடுத்து, அவர்கள் சரி என்றதும் சாமானை எடுத்து வருவார். கருப்பண்ணன் அதை மளிகைக் கடைக்கு அனுப்ப, கடைக்காரர் அச்சடித்துப் பெண் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். பெண்ணின் அத்தை கூடத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தாராம். மஞ்சள், குங்குமம், சர்க்கரை, கருப்பு எள்ளு, தர்ப்பை, அகத்திக்கீரை.

அதற்கு மேல் வாசிக்கவில்லையாம். போனில் எனக்குக் கேட்ட கத்தல் அவருடையது.

காரிய வீட்டுக்கும் அதே லிஸ்ட் போயிருக்கிறது. அதில் தொள்ளாயிரம் கப் ஐஸ்கிரீம். ஸ்வீட் பீடா.

வேறு சமையல்காரரைப் பார்க்கிறோம் என்று பெண் வீட்டில் சொல்லிவிட்டார்கள். இருபத்தாறு வருடத்தில் அக்காவுக்கு இப்படி ஒன்று நடந்ததில்லை.

நவநீதன் எல்லோரையும் கூப்பிட்டு, "இது யார் பண்ணுன வேலை?" என்றான். பார்வை பெனசீர் மேல் நின்றது. நிரல் எழுதியவள் அவள்தானே. அவள் பேனா மூடியை மாட்டினாள், கழற்றினாள். எனக்கு ஏதோ சொல்ல வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் டீ ஆறிக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. 'உ' போட்டதற்கு அவரே நேரில் வந்து விசாரிப்பது போல இருந்தது. தமயந்தி கொழுக்கட்டைத் தட்டை என் பக்கம் தள்ளினாள், இறங்கவில்லை. என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

கோபி போனேன். அக்காவோடு பெண் வீட்டுக்குப் போனேன். பேச வேண்டியதைப் பஸ்ஸிலேயே தயார் செய்திருந்தேன்: தொழில்நுட்பக் கோளாறு, எதிர்பாராத சூழல், வருந்துகிறோம். எல்லாம் நான் பொத்தான்களுக்கு எழுதிப் பழகிய வாக்கியங்கள்.

பெண்ணின் அப்பா நாச்சிமுத்து வாசலிலேயே நின்றார். அத்தை உள்ளேயிருந்து, "அவங்கள எதுக்கு உள்ள உடறீங்க?" என்றார். நான் தொண்டையைக் கனைத்தேன். அக்கா என் பக்கம் கையை லேசாகக் காட்டினார். சும்மா இருங்கள் என்று.

"என்ற பேர்ல வந்த லிஸ்டுங். தப்பு என்றதுங்" என்றார்.

அவ்வளவுதான். மெஷின் என்று சொல்லவில்லை. கருப்பண்ணன் என்று சொல்லவில்லை. பக்கத்தில் கைக்குட்டையைப் பிசைந்துகொண்டு ஒரு ஆள் நின்றான், அவனையும் காட்டிக்கொடுக்கவில்லை.

"நல்ல காரியத்துல எள்ளு எழுதிப்போட்டு தப்புன்னா ஆச்சுங்களா?" என்று அத்தை வெளியே வந்தார்.

"ஆகாதுங். நீங்க கோபப்படறது நாயந்தானுங். ஒரு தாளு குடுங்க. ஆள மாத்தறதா இருந்தாலும் வர்றவங்களுக்கு லிஸ்ட் வேணுமல்லங். எழுதிக் குடுத்துட்டுப் போறன்."

நாச்சிமுத்து உள்ளே போய் ஒரு நீளத் தாள் கொண்டுவந்தார். அக்கா நின்றபடியே, சுவரில் வைத்து எழுத ஆரம்பித்தார். மேலே 'உ'. மஞ்சள். தொள்ளாயிரம் இலைக்கு எழுபத்து நான்கு சாமான், எடை எடையாக. எங்கேயும் நிறுத்தவில்லை, அடிக்கவில்லை. இடையில் ஒரு முறை தலையைத் தூக்கி, "மாப்பிள்ள ஊட்டு ஒறம்பரை சனத்துல பூண்டு சாப்பிடாதவங்க எத்தன பேருங்?" என்று மட்டும் கேட்டார். அத்தை, தான் கோபமாக இருப்பதை மறந்து, "பத்துப் பன்னெண்டு பேரு" என்று பதில் சொன்னார். அவர்களுக்கென்று ஒரு வரி. அடியில் கோடு. பிறகு முழுதும் வாசித்துக் காட்டினார்.

"பெருங்காயம் உட்டுட்டீங்க" என்றார் அத்தை, பிடித்துவிட்ட மகிழ்ச்சியில்.

"பருப்புக்கு அடுத்த வரிங். பாருங்."

இருந்தது.

நாச்சிமுத்து தாளை வாங்கி, ஒரு முறை மேலிருந்து கீழ் வரை பார்த்து, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "சனிக்கெழம மத்தியானமே அடுப்புப் பத்த வெச்சிருங்க. இனிமே அந்தப் பொட்டியில எழுதாதீங்க, அவ்வளவுதான்."

ஆக, அக்கா பிழைத்தார். பந்தி பிழைக்கவில்லை.

திரும்பும் வழியில் அக்கா கேட்டார். "அந்த ரெண்டு லிஸ்டும் எப்பிடிங் சார் ஒண்ணாச்சு?"

"கம்ப்யூட்டர் தானா பண்ணிருச்சுங்க அக்கா."

கொஞ்ச தூரம் நடந்தார். "தானா ஒண்ணும் ஆகாதுங் சார். பாலு பொங்குனாக்கூட அடுப்ப ஒருத்தரு பத்த வெச்சிருப்பாங்களல்லங்."

பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. பயனில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

கலப்பதற்கு முந்தைய கல்யாண லிஸ்டைப் பெனசீர் மீட்டெடுத்திருந்தாள். நேற்று அக்கா சுவரில் வைத்து எழுதியதை நான் படம் எடுத்திருந்தேன். இரண்டையும் வரிவரியாக ஒப்பிட்டோம். பூண்டு சாப்பிடாதவர்களுக்கான புது வரியை விட்டுவிட்டால், எழுபத்து நான்கில் எழுபத்து மூன்று அப்படியே இருந்தது, கிராம் சுத்தமாக. ஒன்று மட்டும் வேறு. வெல்லம், நான்கு கிலோ அதிகம்.

போன் செய்து கேட்டேன்.

"அது மறதியில்லீங் சார். பொண்ணோட அப்பாவ நேத்துத்தான நேர்ல பாத்தன். ரெண்டாந்தடவ பாயசம் கேக்கற மொகமுங் அது. அவரு கேட்டா அந்த வரிசையே கேக்கும்."

போனை வைத்தேன். அப்புறம் பெனசீரின் வெள்ளிக்கிழமை மின்னஞ்சலைத் திறந்தேன். நீளமாக ஒன்றும் இல்லை, ஆறு வரி. நான்காவது வரி: 'எங்கள் வீட்டில் எல்லா லிஸ்டும் 786 என்று ஆரம்பிக்கும். என் தோழி மேரி வீட்டில் சிலுவை போடுவார்கள். முதல் வரியைப் பெயராக எடுத்தால் தமிழ்நாட்டில் எல்லா லிஸ்டுக்கும் மூன்றே பெயர்தான் இருக்கும்.'

பிரியாணிக்காக நான் பாதியில் நிறுத்திய வாக்கியம் இது.

நவநீதன் அறைக்குப் போனேன். சொல்ல வேண்டியதைப் பஸ்ஸில் தயார் செய்யவில்லை. "அது பெனசீரோட தப்பு இல்ல. வேண்டாம்னு அவர் சொன்னார். நான்தான் கேக்கல. முடிவு என்னுது" என்றேன்.

அவன் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்த கையை எடுக்காமலே என்னைப் பார்த்தான். "செவ்வாக்கிழமையே சொல்லியிருக்கலாமே அண்ணா?"

"டீ ஆறிட்டிருந்துச்சு" என்றேன். அவன் சிரிக்கவில்லை. சிரிக்கிற விஷயமும் இல்லை.

வெளியே வந்தால் பெனசீர் நின்றிருந்தார். கேட்டிருக்க வேண்டும். "சார், அந்தப் பெட்டிக்கு மூணு வாக்கியம் எழுதித் தர்றீங்களா?" என்றார். பேனா மூடி மாட்டியே இருந்தது.

(மேலே 'அவர்' என்று எழுதியிருப்பது கைதவறி அல்ல.)

ஆகஸ்ட் 29, வெள்ளி

நாள் முழுவதும் உட்கார்ந்தோம். கீழே கிரைண்டர் நல்ல விற்பனை, ஆடிக்கொண்டே எழுதினோம். பெனசீரின் பதினொன்றை மூன்றாக்கினோம். அவரே எட்டை வெட்டினார். எனக்குத்தான் மனசு வரவில்லை.

'கோடு போட்ட பிறகு அனுப்பு.' இதுதான் முதலில் இருக்கும், யாரும் மாற்றாதவரை இதுவே நடக்கும். கோட்டுக்கு மேல் பிறகு யாரும் கை வைக்க முடியாது. சேர்ப்பதெல்லாம் தனிச் சீட்டாகப் போகும்.

'எழுத எழுத அனுப்பு.' அவசரக்காரர்களுக்கு. கீழே சிறிய எழுத்தில்: பூண்டு விட்டுப்போகலாம்.

'இந்தப் போனோடு இருக்கட்டும்.'

பெயருக்குத் தனிக் கட்டம். முதல் வரியில் 'உ', 786, சிலுவை, எது இருந்தாலும் அது அவரவர் விருப்பம், இயந்திரம் அதில் தலையிடாது. இரண்டு போனில் ஒரே பெயர் இருந்தால், 'இரண்டும் ஒன்றா, வேறு வேறா? நீங்கள் சொல்லும்வரை தொட மாட்டேன்.' கவனித்தால் இதில் எதுவும் எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. ஒரு கார்பன் தாளும் ஒரு துண்டுச் சீட்டும் வைத்துக்கொண்டு அக்கா இருபத்தாறு வருடமாகச் செய்வது. நான் அதை ரசனையான காட்சி என்று படம் எடுத்துக்கொண்டு வந்தவன்.

மாலையில் கருப்பண்ணன் போன். நம்பியூர் காரியம் நல்லபடி முடிந்ததாம். அந்த லிஸ்டைப் பார்த்துவிட்டு இறந்தவரின் மகன் பதினைந்து நாளில் முதல் முறையாகச் சிரித்தாராம். "எங்கப்பனுக்கு ஐஸ்கிரீம்னா உசுரு. எழுதுனது எழுதுனதாவே இருக்கட்டும், நூத்தியிருபது கப் போடுங்க" என்றாராம்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கல்யாணத்துக்குப் போனேன், பெனசீரும் வந்தார். மூன்றாம் பந்தி முடிந்து அக்கா ஒரு முக்காலியில் உட்கார்ந்த நேரம் பார்த்துச் சொன்னேன்.

"அக்கா, அன்னிக்கு நான் சொன்னது பொய்ங்க. தானா ஆகல. அடுப்பப் பத்த வெச்சது நான். இவங்க வேண்டாம்னாங்க, நான் கேக்கல."

அக்கா துண்டால் கழுத்தைத் துடைத்தார். "தெரியுமுங்."

"எப்படிங்க?"

"அன்னிக்கு அந்த ஊட்டு வாசல்ல நின்னீங்களல்ல. நம்ம தப்பு இல்லைன்னா மனுசன் கைக்குட்டைய அந்தப் பாடு படுத்தமாட்டான்." பெனசீரைப் பார்த்தார். "அம்மணி, நீ சாப்டயா? இப்ப என்ன பண்ணி வெச்சிருக்கற, காட்டு."

காட்டினோம். நான் எதிர்பார்த்தது ஒரு பார்வை. நடந்தது ஒரு விசாரணை. கருப்பண்ணனைத் தள்ளி நிற்கவைத்து, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே பெயரில் எழுதினார்கள். பெட்டி கேட்டது, கலக்கவில்லை. கோடு போடாமல் பத்து நிமிடம் விட்டார். அவர் போனுக்கு ஒன்றும் போகவில்லை. கோடு போட்டார், போனது. கோட்டுக்கு மேல் திருத்தப் பார்த்தார், முடியவில்லை. அப்போதுதான் உதட்டோரம் ஒரு அசைவு.

"அவரு வாசிச்சுக் காட்டறது எங்க?"

பெனசீர் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"போனுக்குப் போச்சுன்னா போனுக்குத்தானுங் போச்சு. ஆளுக்குப் போச்சான்னு எப்பிடித் தெரியும்?"

ஏழு பேர், பதினொரு வழி, இரண்டு வாரம். இந்தக் கேள்வி எங்கள் ஒருவர் வாயிலும் வரவில்லை. பெனசீர் அங்கேயே குறித்துக்கொண்டார்: ஒவ்வொரு வரியாகத் தொட்டால்தான் 'வாசித்தாச்சு' என்று வர வேண்டும்.

அக்கா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "சாப்புட்டுட்டுப் போங்க தம்பி" என்றார். இதுவரை 'சார்'. இது உயர்வா தாழ்வா என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன்.

நாச்சிமுத்து பாயசம் மூன்று முறை கேட்டார். அந்த வரிசையே கேட்டது. தீரவில்லை.

செப்டம்பர் 3, புதன்

கோபியிலிருந்து ஒன்றும் இல்லை. நவநீதன் எண்ணெய் மாற்றிவிட்டான். வெந்தயம்.

செப்டம்பர் 4, வியாழன்

ஒன்றும் இல்லை. பெனசீரும் நானும் மெஸ்ஸுக்கு ஒன்றேகாலுக்குப் போனோம். ஒரு வாக்கியத்தை முழுதாகக் கேட்டு முடிக்க அவ்வளவு நேரம் ஆனது. குஸ்கா மோசமில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

காலை பதினொன்று பத்துக்கு என் போன் அதிர்ந்தது. சோதனைக்காக அக்கா கோஷ்டியில் என் போனையும் நாலாவதாகச் சேர்த்து வைத்திருந்தோம். அதையே நான் மறந்திருந்தேன்.

பந்தி. ஒரு லிஸ்ட் வந்திருக்கிறது. அனுப்பியவர்: வேலாத்தாள். பெயர்க் கட்டத்தில், 'ஈரோடு சங்கக் கூட்டம், ஞாயிறு மத்தியானம், 240 இலை.'

சங்கத்துக் கூட்டத்துக்குச் சமையல் அவர்தானாம். இருநூறு சமையல்காரர்கள் உட்கார்ந்து சாப்பிடுகிற பந்தி. உப்புக் குறைந்தால் இருநூறு பேரும் சொல்வார்கள். அந்த லிஸ்டை அவர் கார்பனில் எழுதவில்லை.

பெனசீரைக் கூப்பிட்டேன். நவநீதனும் ஓடிவந்தான். மூன்று பேரும் ஒரு போனுக்குள் தலையை விட்டோம். முதல் வரி 'உ'. அடுத்தது மஞ்சள். கீழே வரைக்கும் போனோம். கடைசி வரிக்கு அடியில் கோடு. கீழே கருப்பண்ணன் பெயருக்கு எதிரில் ஒவ்வொரு வரியாகப் பச்சை விழுந்துகொண்டே வந்தது. எங்கோ கோபியில் ஒரு மனிதர் செருப்பை மாட்டிக்கொண்டு சத்தமாக வாசித்துக்கொண்டிருக்கிறார் என்று எங்களுக்குக் கேட்டது போலவே இருந்தது. பூண்டில் பச்சை விழுந்ததும் நவநீதன் கைதட்டினான். கீழே கிரைண்டர் ஓட, மேசை ஆட, நாங்கள் ஆட.

ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அதிர்ந்தது. கோட்டுக்கு வெளியே, தனிச் சீட்டு. ஒரே வரி.

'வெல்லம், கூடுதலா 4 கிலோ.'

போன் செய்தேன். "அக்கா, சீட்டு வந்துச்சுங்க. அருமையா வேலை செய்யுது. வெல்லம் எதுக்குங்க, சங்கத் தலைவர் முகம் அப்படியா?"

"அவருக்குச் சக்கரைங்க தம்பி, தொடமாட்டாரு" என்றார் அக்கா. "நீங்களும் வர்றீங்கன்னு அந்த அம்மணி சொல்லுச்சு."